கூடிச் செய்யும் கைவேலையும் கூட்டத்தின் கணக்கும்

(பூம்புகாரில் கைவேலைக் குழுப் பெண்களிடையே ஆற்றிய உரை)



கைவேலைக் குழு நடத்துவதைப் பற்றிப் பேச வேண்டும் என்று எங்களை அழைத்திருக்கிறீர்கள். கூட்டம் தொடங்குவதற்கு முன்பு ஒரு தாயார் எங்களிடம் கேட்டார்: "சாயங்கால நேரத்தில் நாலு பெண்கள் கூடி ஓலை பின்னுகிறோம், விசிறி முடைகிறோம். இதற்கெல்லாம் ஒரு பிரசங்கமா?" என்றார். நல்ல கேள்வி. நாலு பெண்கள் கூடி உட்காருவதும், கையில் வேலை ஓடிக்கொண்டிருக்க வாயில் பேச்சு ஓடுவதும் யாரும் மேடை போட்டுச் சொல்லித்தர வேண்டிய காரியமல்ல. ஆனால் அந்த நாலு பேர் பின்னிய பை ஒருநாள் விலைக்குப் போகிறதே, அந்த நிமிஷத்திலிருந்து அது வேறு காரியமாகிவிடுகிறது. அந்த வேறு காரியத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறோம்.

இந்த ஊருக்கு வந்து சிலப்பதிகாரத்தைச் சொல்லாமல் திரும்பிய பேச்சாளர் கிடையாது. நாமும் சொல்லிவிடுகிறோம், ஆனால் சிலம்புக்காக அல்ல. இந்திர விழவூரெடுத்த காதையில் மருவூர்ப்பாக்கத்தின் வீதிகளை இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பட்டு நெய்கிறவர், முத்தும் பொன்னும் விற்கிறவர், கன்னார், தச்சர், கொல்லர், தோல் தைக்கிறவர் எல்லோரும் வருகிறார்கள். அந்த வரிசையிலேயே துணியாலும் நெட்டியாலும் பலவகைப் பொருள்கள் செய்கிறவர்களும் வருகிறார்கள். நெட்டி என்றால் என்ன? குளத்திலும் ஏரியிலும் தானே முளைக்கிற தக்கைச் செடி. காசு கொடுத்து வாங்க வேண்டாத சரக்கு. பொன்னுக்கும் முத்துக்கும் பக்கத்திலே அதற்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார் அந்தப் புலவர். கைவேலையைப் "பொழுதுபோக்கு" என்று ஒதுக்குகிற இந்தக் காலத்துப் படித்தவர்கள் இதை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1973-இல் தமிழ்நாட்டு சர்க்கார் கைத்திறத் தொழில்களுக்கென்று ஒரு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. அதன் கடைகளுக்கு வைத்த பெயர் பூம்புகார். சுவாமிமலை வெண்கலச் சிலையும், நாச்சியார்கோயில் குத்துவிளக்கும், தஞ்சாவூர்த் தட்டும் உங்கள் ஊரின் பெயர்ப்பலகைக்குக் கீழேதான் விலையாகின்றன. பெயர் இங்கே இருக்கிறது, சரக்கு வேறு இடத்திலிருந்து போகிறது. இதில் யாரையும் குறை சொல்ல வரவில்லை. சுவாமிமலைச் சிற்பிக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாக வந்த பட்டறை இருக்கிறது. சாயங்காலம் கூடுகிற உங்கள் குழுவுக்கு அப்படி ஒரு பட்டறை கிடையாது. ஆகவே அவர்கள் வழியை அப்படியே எடுத்து உங்களுக்கு மாட்ட முடியாது. உங்களுக்கு உங்கள் வழி.

ஏன் இப்போது பெண்கள் கைவேலைக்கு வருகிறார்கள்? காரணம் தெரிந்ததுதான். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்தால் ஒரு கதை, திறக்காவிட்டால் வேறு கதை. திறந்தாலும் முன்போல நடவுக்கு வரிசை பிடித்து நிற்க வேண்டியதில்லை. நேரடி விதைப்பு வந்துவிட்டது, நடவு இயந்திரம் வந்துவிட்டது. அறுவடைக்கு இயந்திரம் வந்து வெகுநாளாயிற்று. குப்பத்திலோ, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் மீன் கூடை தூக்குகிற பெண்ணின் தலைக்கும் வேலை குறைந்து போகிறது. வயலும் கடலும் சேர்ந்து கைவிட்ட நாட்களில் கை சும்மா இருக்க மறுக்கிறது. ஓலை எடுக்கிறது. இதுதான் உண்மை. இதில் பொழுதுபோக்கு எங்கே வந்தது?

இப்படிப்பட்ட குழுக்கள் இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த சுனாமியை இங்கே யாரும் மறக்கவில்லை. அதன் பிறகு இந்தக் கரை நெடுகப் பெண்களுக்குப் பலவிதமான தொழிற்பயிற்சிகள் கொடுத்தார்கள். நல்ல மனதோடு கொடுத்தவர்கள் பலர், மறுக்கவில்லை. ஆனால் சரக்கு வெளியூரிலிருந்து வந்து, மாதிரியும் வெளியூரிலிருந்து வந்து, வாங்குகிறவரும் வெளியூரிலிருந்தே வர வேண்டும் என்றிருந்தால் அந்தக் குழு யாருடையது? அழைத்து வந்தவர் கிளம்பிய அன்றைக்கே அது முடிந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

அதே சுனாமிக்குப் பிறகு வடக்கே ஆரோவில் பக்கத்தில் வேறு மாதிரியான ஒரு காரியமும் நடந்தது. பயமும் துக்கமும் பிடித்திருந்த மீனவப் பெண்களைக் கூட்டி உட்கார வைத்து, தையல் கடையில் மிஞ்சிய துண்டுத் துணிகளைக் கொடுத்தார்கள். விரலளவுப் பொம்மைகளை அவர்கள் தைத்தார்கள். அதற்கு சுனாமிகா என்று பெயர். அந்தப் பொம்மையை விலைக்கு விற்கவில்லை, பரிசாகவே கொடுத்தார்கள். பெற்றுக்கொண்டவர்கள் மனமுவந்து கொடுத்த பணத்திலிருந்து தைத்த பெண்களுக்கு வருமானம் போயிற்று. எல்லா ஊரிலும் இப்படிச் செய்ய முடியுமா? முடியாது. உலகத்தின் இரக்கம் வற்றாத ஊற்று அல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: முதலில் கூடி உட்காருவது வந்தது, பிறகுதான் பணம் வந்தது. பொம்மையின் அழகு இரண்டாம் பட்சம். பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பதே முதல் பட்சம். உங்கள் குழுவும் இப்போது அந்த முதல் படியில்தான் இருக்கிறது. அதைவிட்டு அவசரமாக ஓட வேண்டாம் என்று சொல்வோம்.

சரி, விற்க வேண்டும் என்று முடிவு செய்கிறீர்கள். அப்போது ஒருவர் வருவார். மோட்டார் சைக்கிளில் வருவார், சிரித்த முகத்தோடு வருவார், "அக்கா, நூறு பை வேண்டும், பதினைந்து நாளில் வேண்டும்" என்பார். கையில் முன்பணமும் கொடுப்பார். எல்லோருக்கும் சந்தோஷம். இங்கேதான் நின்று ஒரு கணக்குப் போட வேண்டும். கணக்குக்காக ஒரு பை என்று வைத்துக்கொள்வோம். ஓலைக்கும் சாயத்துக்கும் 20 ரூபாய். பின்னி முடிக்க 5 மணி நேரம். அவர் கொடுப்பது 70 ரூபாய். 20 போக மிச்சம் 50. ஐந்து மணி நேரத்துக்கு ஐம்பது, மணிக்குப் பத்து ரூபாய். 2024-25-ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். எட்டு மணிக்குப் பிரித்தால் மணிக்குக் கிட்டத்தட்ட நாற்பது வருகிறது. அந்தக் கூலியே போதாது என்று போராடிய சீமை இது. அதில் கால் பங்குக்கு உங்கள் விரல்களை விற்றுவிட்டு "கைச்செலவுக்கு ஆச்சு" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்!

வீட்டு வேலை நடுவே செய்வதுதானே, நேரத்தைக் கணக்கிட வேண்டுமா என்று நம்முடைய பெண்களே கேட்பார்கள். வியாபாரி எதிர்பார்ப்பதும் இதைத்தான். பாத்திரம் துலக்குகிற நேரத்துக்கும் பிள்ளையைத் தூங்க வைக்கிற நேரத்துக்கும் நடுவே கிடைத்த நேரம் இனாம் நேரம் என்று அவர் நினைக்கிறார். தொழிற்சாலைக்குக் கூரை வேண்டும், விளக்கு வேண்டும், சட்டம் வேண்டும். உங்கள் திண்ணையில் இதெல்லாம் அவருக்கு இலவசம். வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கும் மற்றத் தொழிலாளிக்கு உள்ள பாதுகாப்பு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1996-இல் ஓர் உடன்படிக்கை செய்தது. அதில் இந்தியா இன்னும் சேரவில்லை. ஆகவே சட்டம் வந்து காக்கும் வரை உங்கள் கணக்கு நோட்டுதான் உங்களுக்குக் காவல்.

அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இருபது ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும். யார் எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார், என்ன செய்தார், சரக்கு யார் கொண்டுவந்தது, என்ன விலைக்குப் போனது என்பதை அன்றன்றைக்கே எழுதிவிட வேண்டும். எழுதத் தெரிந்த ஒரே பெண்ணிடம் இந்த வேலையை நிரந்தரமாக ஒப்படைக்காதீர்கள். அவள் நல்லவளாகவே இருக்கலாம்; ஆனால் ஆறு மாதத்தில் குழு அவளுடையதாகிவிடும். அப்புறம் அவளுக்கும் சங்கடம், மற்றவருக்கும் சங்கடம். மாதத்துக்கு ஒருவர் எழுதட்டும். எழுதத் தெரியாதவர் முறை வரும்போது அவர் சொல்லச் சொல்லப் பள்ளிக்கூடம் போகிற பெண் எழுதட்டும். கூட்டத்தில் கணக்கை உரக்க வாசிக்க வேண்டும். உரக்க வாசித்த கணக்கில் சண்டை வராது என்று சொல்லமாட்டோம், வரும். ஆனால் அந்தச் சண்டை கூட்டத்துக்குள்ளே வந்து கூட்டத்துக்குள்ளேயே தீரும். வாய்க்கால் கரையில் கிசுகிசுப்பாக வருகிற சண்டைதான் குழுவை உடைக்கும்.

இதெல்லாம் பெரிய பட்டணத்துச் சமாச்சாரம், நமக்கு ஒத்துவருமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. கதை என்றாலும் நடந்தது. 1959 மார்ச் 15-ஆம் தேதி, பம்பாயில் கிர்காம் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் கூடினார்கள். கையில் இருந்தது கடன் வாங்கிய 80 ரூபாய். செய்தது அப்பளம். முதல் நாள் நாலு பாக்கெட். அவ்வளவுதான். நன்கொடைக்கு யாரிடமும் கை நீட்டுவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொண்டார்கள். மழைக்காலம் வந்தது; அப்பளம் காயவில்லை. நாலு மாதம் வேலை நின்றது. அடுத்த ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளத்தைப் பரப்பினார்கள், கட்டிலுக்குக் கீழே அடுப்பை வைத்தார்கள். மழை பெய்துகொண்டே இருந்தது, அப்பளம் காய்ந்துகொண்டே இருந்தது! லிஜ்ஜத் என்று கடைகளில் பார்க்கிறீர்களே, அது இப்படித்தான் வளர்ந்தது. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சகோதரி என்றே அழைத்தார்கள். லாபமும் நஷ்டமும் எல்லோருக்கும் என்பது அவர்களுடைய விதி.

இந்தக் கட்டிலையும் அடுப்பையும் நாம் ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறோம்? ஐப்பசி கார்த்திகையில் இந்தக் கரையில் பெய்கிற மழையில் ஓலை பூசணம் பிடிக்கும், கோரை கறுத்துப் போகும். அது உங்களுக்குத் தெரியும். பம்பாய்ப் பெண்கள் எந்த இயந்திரத்துக்கும் மனுப் போட்டுக் காத்திருக்கவில்லை. வீட்டில் இருக்கிற இரண்டு சாமானைப் புது விதமாக வைத்துப் பார்த்தார்கள். உங்களுக்கும் புரட்டாசிக்குள்ளேயே ஓலையை நிழலில் உலர்த்திக் கட்டி, அடுப்பங்கரைப் பரணில் ஏற்றிவிடுகிற யோசனை தோன்றாமலா போகும்? பாட்டிமார்களைக் கேளுங்கள். விதைநெல்லைக் காத்தவர்களுக்கு ஓலையைக் காக்கத் தெரியாதா?

சரக்கு விஷயத்தில் பக்கத்து ஊர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். கும்பகோணம் வட்டாரத்தில் நரசிங்கன்பேட்டை இருக்கிறது. நாகசுரத்துக்குப் பேர்போன ஊர். மாட்டுப் பொங்கல் வந்தால் அங்கே நெட்டி மாலை. குளம் ஏரிகளில் கிடைக்கிற நெட்டியை வெட்டிக் காயவைத்து, துண்டு துண்டாக நறுக்கி, சாயம் ஏற்றி, தாழை நாரில் கோக்கிறார்கள். வீட்டுக்கு வீடு, கிழவி முதல் பிள்ளை வரை உட்கார்ந்து வேலை நடக்கும். தஞ்சை மாட்டின் கழுத்தில் ஏறுகிற மாலை அது. பிளாஸ்டிக் மாலை வந்து போட்டிக்கு நிற்கிறது. குளங்கள் தூர்ந்தால் நெட்டியும் இல்லை. ஆனாலும் தொழில் நிற்காததற்குக் காரணம் என்ன? சரக்கு பக்கத்துக் குளத்தில், வாங்குகிறவர் பக்கத்துக் கொட்டிலில். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது கோபுரம், கோயில் என்று நுட்பமாகச் செதுக்குகிற கலை. மாலை கோக்கிறது எளிய வேலை. செடி ஒன்றுதான்.

நமக்கு வடக்கே, சீர்காழியிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் தைக்கால் இருக்கிறது. பிரம்பு நாற்காலி, கூடை, ஊஞ்சல் என்று சாலையோரம் தொங்குவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அங்கே கை இருக்கிறது, பெயரும் இருக்கிறது. ஆனால் பிரம்பு நம் மண்ணில் விளைவதில்லை. அசாம் போன்ற தூரத்துச் சீமையிலிருந்து வர வேண்டும். லாரி வாடகை ஏறினால் நாற்காலி விலை ஏறும். வேலைத்திறன் எவ்வளவு இருந்தாலும் முதல் சரக்கு யார் கையில் இருக்கிறதோ அவருக்கே பிடி. உங்களுக்கு என்ன இருக்கிறது? பனை இருக்கிறது, தாழை இருக்கிறது, வாய்க்கால் கரையில் கோரை இருக்கிறது, தோப்பில் வாழை வெட்டினால் பட்டை குப்பைக்குத்தான் போகிறது. தென்கோடியில் மணப்பாடு என்ற கடற்கரை ஊரில் மீனவக் குடும்பத்துப் பெண்கள் பனையோலையை வைத்தே ஒரு கூட்டுறவுச் சங்கம் நடத்தியிருக்கிறார்கள். கடற்கரைக்குப் பனை ஒத்துவருகிற சரக்கு.

சங்கு, சிப்பி வேலையைப் பற்றிச் சிலர் கேட்டீர்கள். கலைக்கூடம் பார்க்க வருகிற ஜனங்கள் வாங்குவார்கள் என்பது உண்மைதான். கரையில் ஒதுங்குகிற சாதாரணச் சிப்பியில் தடையில்லை. ஆனால் சில வகைச் சங்குகளை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். எது எது என்று தெரியாமல் வியாபாரி கொடுத்ததை ஒட்டி விற்றால், வழக்கு வியாபாரி மேல் வராது, ஒட்டியவள் மேல்தான் வரும். வனத்துறையிடம் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு தொடங்குங்கள்.

இனி எங்கே கூடுவது? இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். எங்கே கூடுகிறீர்கள் என்பதுதான் யார் வருவார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. கோயில் மண்டபம் காற்றோட்டமாக இருக்கும். ஆனால் அங்கே கூச்சமில்லாமல் ஏறி உட்கார எல்லாத் தெருப் பெண்களாலும் முடிகிறதா? பெரிய வீட்டுத் திண்ணை விசாலமாக இருக்கும். அங்கே உட்கார்ந்தால் அந்த வீட்டு அம்மாள்தான் தலைவி, மற்றவர்கள் வேலைக்காரிகள். குப்பத்திலேயே கூடினால் ஊர்ப்பெண் வரத் தயங்குவாள்; ஊரில் கூடினால் காலனிப் பெண் ஓரத்தில் நிற்பாள். பள்ளிக்கூடம், புயல் பாதுகாப்புக் கட்டடம், பஞ்சாயத்துக் கட்டடம் ஆகியவை பொதுச்சொத்து. சாவி கேட்டு வாங்குங்கள். கொடுக்காவிட்டால் கூட்டமாகப் போய்க் கேளுங்கள்.

சாணிப்பாலையும் சாட்டையடியையும் 1940-களில் எதிர்த்து நின்று ஒழித்த சீமை இந்தக் கீழத்தஞ்சை. அந்தக் கொடுமை போயிற்று. ஆனால் தனி டம்ளர் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். குழு கூடுகிற இடத்தில் ஒரு பாய், ஒரு தண்ணீர்க் குடம், ஒரே வரிசை டம்ளர். இதை முதல் நாளே செய்துவிட்டால் பிறகு விவாதமில்லை. முதல் நாள் விட்டுவிட்டால் பத்து வருஷம் ஆனாலும் வராது. ஒருத்தி இதனால் குழுவை விட்டுப் போனால் போகட்டும். ஒருத்தி பின்னிய பாயில் இன்னொருத்தி உட்காரமாட்டேன் என்று சொல்கிற இடத்துக்குக் கைவேலைக் குழு என்ற பெயர் எதற்கு?

நாள், நேரம் இரண்டும் மாறாமல் இருக்கட்டும். வாரத்தில் ஒருநாள் போதும். மீன் வியாபாரத்துக்குப் போகிற பெண்களுக்குக் காலை ஒத்துவராது. வயல் வேலை இருக்கும் மாதத்தில் பகல் ஒத்துவராது. வராதவளுக்கு அபராதம் போடுகிற வழக்கத்தைச் சில குழுக்களில் பார்க்கிறோம். வேண்டாம். வீட்டில் காய்ச்சல்காரப் பிள்ளையை விட்டு வர முடியாதவளிடம் பத்து ரூபாய் பிடுங்கி என்ன கட்டப் போகிறீர்கள்? குழந்தைகளோடு வரட்டும். ஓலைத் துண்டில் ஒரு கிலுகிலுப்பை செய்து கொடுத்தால் குழந்தைக்கும் வேலையாயிற்று.

கற்றுக்கொடுப்பவர் யார்? வெளியூர் ஆசிரியையைத் தேடுவதற்கு முன்னால் உள்ளூர்க் கிழவிகளைத் தேடுங்கள். முறம் கட்டத் தெரிந்தவர், பெட்டி முடையத் தெரிந்தவர், வலை முடிச்சு போடத் தெரிந்தவர் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார். வலை முடிச்சு ஆண்களுக்கும் தெரியும். தடைக்காலத்தில் மணலில் உட்கார்ந்து வலை பொத்துகிறார்களே, அந்த அண்ணன்மாரும் வந்து ஒரு மணி நேரம் சொல்லித் தரலாம். சொல்லித் தரலாம் என்றுதான் சொன்னோம்; தலைமை தாங்கலாம் என்று சொல்லவில்லை!

கடனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1989-இல் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1992-இல் நபார்டு 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கத் தொடங்கியது. இன்றைக்குக் குழு இல்லாத கிராமம் இல்லை. அதனால் நன்மை உண்டு. ஆனால் அது சேமிப்புக் குழு, இது கைவேலைக் குழு. இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டினால் என்ன ஆகும்? பை விற்கவில்லையே என்ற கவலையோடு தவணை கட்டவில்லையே என்ற பயமும் சேர்ந்து வந்து பாயில் உட்காரும். பிறகு பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை. வாரா வாரம் வாசலில் வந்து நிற்கிற நுண்கடன் கம்பெனிக்காரரிடம் வாங்கி ஓலை பின்னுவதைப்போல் விபரீதம் வேறில்லை. முதல் ஆண்டு கடன் வாங்காமலே நடத்திப் பாருங்கள். பனைக்கு வட்டி கிடையாது. விற்பனை நிலைத்து, கணக்கு நோட்டு மூன்று நாலு ஆன பிறகு, வேண்டுமானால் தொழிற் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்வதைப் பற்றி யோசிக்கலாம். வேண்டாம், வாரத்தில் ஒருநாள் கூடிச் சிரிப்பதே போதும் என்று முடிவு செய்தால் அதுவும் உங்கள் உரிமை. எல்லாக் குழுவும் கம்பெனியாக வளர வேண்டும் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது?

மோட்டார் சைக்கிள்காரர் மறுபடியும் வருவார். விரட்டச் சொல்லவில்லை. அவர் யாரிடமும் தனியாகப் பேசக் கூடாது என்ற ஒரு நிபந்தனை மட்டும் வையுங்கள். குழு கூடுகிற நாளில், பாயின் எதிரே உட்கார்ந்து, எல்லோர் காதிலும் விழ விலை சொல்லட்டும். நோட்டைப் பிரித்து, இந்தப் பைக்கு இத்தனை மணி நேரம் என்று நீங்கள் காட்டுங்கள். ஒருத்தியிடம் தனியாக எழுபதுக்குப் பேசி முடிக்கிறவர் இருபது பேர் எதிரே அந்தத் தொகையைச் சொல்லத் தயங்குவார்.

நேரமாகிவிட்டது, குப்பத்துச் சகோதரிகள் ஏலத்துக்குப் போக வேண்டும் என்கிறார்கள். கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள். அதற்கு முன்னால் ஒரு காரியத்தை முடித்துவிடலாம். அடுத்த கூட்டத்துக்குக் குருத்தோலை வேண்டும். எந்தத் தோப்பில் கேட்பது, யார் போய்க் கேட்பது என்று பேசுவோம். மரம் ஏறத் தெரிந்தவர் பின்வரிசையில் நிற்கிறார் என்று கேள்விப்பட்டோம். அவர் கொஞ்சம் முன்னால் வரலாம்.